கல்லூரி மாணவருக்குத் துணை நின்றவை

கல்வியின் வரலாற்றை எழுதுவோர், கல்லூரிகள் எப்போது தோன்றின, பல்கலைக்கழகங்கள் எவ்வாறு பெருகின, பாடத் திட்டங்கள் எங்ஙனம் மாறின என்பவற்றையே பெரிதும் விரித்துரைப்பர். கல்லூரியில் சேர்ந்த பிள்ளை எங்கே தங்கினான், எதை உண்டான், புத்தகத்தை யாரிடம் பெற்றான், சம்பளத் தவணை வந்தபோது என்ன செய்தான் என்ற கேள்விகள் அவ்வரலாறுகளில் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன. ஆனால் ஒருவன் பட்டம் பெற்று வெளியேறுவதும், பாதியிலேயே வீடு திரும்புவதும் பெரும்பாலும் இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையையே பொறுத்திருக்கின்றன. தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு போன்ற நகரங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தார் இதைத் தம் அனுபவத்தில் நன்கு அறிவர். ஊரில் இருந்தால் மாமன் வீடும் சித்தப்பா வீடும் தரக்கூடிய ஆதரவை, அயல் மாநிலத்தில் ஏதேனும் ஒரு பொது ஏற்பாடே தர வேண்டியிருக்கிறது. அத்தகைய ஏற்பாடுகள் நம் நாட்டில் எவ்வாறு தோன்றி வளர்ந்தன என்பதை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பெற்றன. லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்த அவை, தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே இருந்தன. பாடம் சொல்வது இணைப்புக் கல்லூரிகளின் வேலை. மாணவனின் வாழ்வு பற்றிய கவலையோ பெரும்பாலும் அவனுடைய குடும்பத்தின் வேலை. திறமையுடையோருக்குச் சில உபகாரச் சம்பளங்கள் இருந்தன என்பது உண்மையே. ஆயினும் அவை பரிசுகளாகக் கருதப்பட்டனவேயன்றி, ஊன்றுகோல்களாகக் கருதப்படவில்லை. பரிசு தவறியவனுக்கு வழியும் தவறியது.

இதற்குச் சீனிவாச இராமானுஜன் வாழ்க்கையைக் காட்டிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1904-ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தவர் அவர். கணிதத்தில் மூழ்கியிருந்த அவர் ஆங்கிலத்தில் தேறாமற் போகவே, அச்சம்பளம் நின்றது; கல்லூரிப் படிப்பும் நின்றது. பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. தேர்வு அவருக்குக் கைகூடவில்லை. நெல்லூர்க் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவ் சில காலம் மாதந்தோறும் பணம் அளித்து உதவினார். 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913-ஆம் ஆண்டில்தான் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. அதற்குள் எட்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. உலகம் போற்றிய அறிவாளிக்கே இந்நிலை என்றால், பெயர் தெரியாமற் போன எத்தனை மாணவர்கள் ஒரே தாளில் தவறி ஊர் திரும்பியிருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

மாணவனுக்கு முதலில் வேண்டியது உண்ண உணவும் உறங்க இடமும் ஆகும். இதனை ஓர் அரசின் கடமையாக உணர்ந்து செயலாற்றியவர்களுள் முன்னிற்பவர் கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜா. 1901-ஆம் ஆண்டு தொடங்கி மராத்தியர், சமணர், முஸ்லிம்கள், லிங்காயத்துகள் எனப் பல சமூகத்தாருக்கும் அவருடைய ஆதரவால் கோலாப்பூரில் மாணவர் விடுதிகள் எழுந்தன. தீண்டப்படாதார் எனத் தள்ளி வைக்கப்பட்டிருந்த மாணவர்களுக்காக 1908-இல் மிஸ் கிளார்க் விடுதி தோன்றியது. கிராமத்துப் பிள்ளைக்கு நகரத்தில் வீடு வாடகைக்குக் கிடைக்காத காலம் அது. கிடைத்தாலும் சாதி கேட்கப்பட்ட காலம். விடுதி இல்லையேல் பள்ளியும் கல்லூரியும் நகரத்தாருக்கு மட்டுமே உரியனவாக இருந்திருக்கும்.

கோலாப்பூரில் சமண விடுதியில் தங்கிப் படித்தவர்களுள் ஒருவர் பாவுராவ் பாட்டீல். அவர் 1919-ஆம் ஆண்டில் ரயத் சிக்ஷண் சன்ஸ்தா என்னும் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். சாதிக்கொரு விடுதி என்ற முறையை விடுத்து, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ்த் தங்கி, ஒரே பந்தியில் உண்ணும் விடுதியைச் சாத்தாராவில் அவர் நடத்தினார். பொருள் முடை நேர்ந்தபோது அவருடைய மனைவியார் இலட்சுமிபாய் தம் நகைகளை விற்று அப்பிள்ளைகளுக்கு உணவளித்தார். 1947-இல் சாத்தாராவில் அச்சங்கம் நிறுவிய சத்திரபதி சிவாஜி கல்லூரியில், மாணவர்கள் நிலத்தில் உழைத்தும் கட்டட வேலை செய்தும் தம் படிப்புச் செலவை ஈடுசெய்யும் வழி வகுக்கப்பட்டது. ‘உழைத்துக்கொண்டே படி’ என்ற அந்த முறை, பிறகு வேறு பல கல்லூரிகளும் பின்பற்றிய ஏற்பாடாயிற்று. உதவி பெறுபவன் தலை குனிய வேண்டியதில்லை என்பது அதன் உட்பொருள்.

உறைவிடத்துக்கு அடுத்தது பொருள். 1892-ஆம் ஆண்டில் ஜாம்ஷெட்ஜி டாட்டா உயர்கல்விக்கென ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தினார். அதன் தனிச்சிறப்பு, அது கடனாக உதவித்தொகை வழங்கியதே. படித்து முன்னேறியவர் திருப்பிச் செலுத்தும் பணம், அடுத்து வருபவருக்குப் பயன்படும். திருவிதாங்கூரின் உழவூர்க் கிராமத்தில் வறிய குடும்பத்தில் பிறந்த கே. ஆர். நாராயணன், கோட்டயம் கல்லூரியில் படித்தது திருவிதாங்கூர் அரச குடும்பத்து உபகாரச் சம்பளத்தால். 1945-இல் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குச் சென்றது டாட்டா உதவித்தொகையால். அவரே 1997-ஆம் ஆண்டில் நம் நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவியும் இவ்வரலாற்றில் தனி இடம் பெறத்தக்கது. பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படிக்கப் பீமராவ் அம்பேத்கருக்கு மாதம் 25 ரூபாய் வழங்கிய அம்மன்னர், 1913-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அவரை அனுப்பி, மூன்றாண்டுக் காலத்துக்கு மாதம் பதினொன்றரைப் பவுன் கிடைக்கச் செய்தார். ஆனால் அம்பேத்கர் லண்டனில் படிப்பைத் தொடர்ந்துகொண்டிருக்கையில் உதவியின் காலம் முடிந்தது. 1917-இல் அவர் தாயகம் திரும்ப நேர்ந்தது. பரோடா அரசில் உயர்ந்த பணி கிடைத்தும், சாதியின் காரணமாக அந்நகரில் அவருக்குத் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பணம் இருந்தும் உறைவிடம் இல்லையேல் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று. 1920-இல் தம் சேமிப்பையும், நண்பர் ஒருவரும் கோலாப்பூர் மன்னரும் செய்த உதவியையும் கொண்டு மீண்டும் லண்டன் சென்று அவர் படிப்பை நிறைவு செய்தார்.

இந்த அனுபவம் வீணாகவில்லை. 1942-இல் வைசிராயின் நிர்வாக சபை உறுப்பினரான அம்பேத்கர், தாழ்த்தப்பட்ட மாணவர்களின் உயர்கல்விக்கென மத்திய சர்க்கார் நிதி ஒதுக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அதன் பயனாக 1944-ஆம் ஆண்டில், மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகைத் திட்டம் உருவாயிற்று. ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் அதற்கு ஒதுக்கப்பட்டது. பின்னர் பழங்குடி மாணவர்களுக்கும் அது விரிந்தது. ஒரு மன்னரின் கருணையாக இருந்தது ஒரு நாட்டின் கடமையாக மாறியது இங்கேதான். மன்னர் மனம் மாறினால் நிற்கக்கூடிய உதவிக்கும், விதிப்படி கேட்டுப் பெறத்தக்க உதவிக்கும் உள்ள வேறுபாடு பெரிது. விடுதலைக்குப் பின், 1961-இல் தேசிய உபகாரச் சம்பளத் திட்டமும், 1963-இல் தேசியக் கடன் உதவித் திட்டமும் தொடங்கின.

மூன்றாவதாக வேண்டியது நூல். நாராயணனின் பள்ளி நாள்களில், நோயினால் வீட்டிலேயே இருந்த அவருடைய தமையனார், பிறரிடம் புத்தகங்களை இரவல் வாங்கிக் கையாலேயே படியெடுத்துத் தம்பிக்குக் கொடுப்பாராம். அத்தகைய தமையன் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அந்த இடத்தை நிரப்ப வேண்டியது நூலகம்.

இத்துறையில் இந்தியா முழுவதற்கும் வழிகாட்டியவர் சீர்காழியில் பிறந்த தமிழர் எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராயிருந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். நூல்களைப் பூட்டிக் காப்பதே நூலகரின் பணி என்றிருந்த எண்ணத்தை அவர் மாற்றினார். படிப்பவர் அலமாரி வரை தாமே சென்று நூலைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார். தேடத் தெரியாதவருக்கு உடனிருந்து காட்டுவதே நூலகத்தின் தலையாய பணி என்று வகுத்தார். அவருடைய புகழ்பெற்ற ஐந்து விதிகள் 1931-இல் நூலாக வெளிவந்தன. 1945-இல் காசிக்கும், 1947-இல் தில்லிக்கும் சென்று, தில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகக் கல்வியை வளர்த்தார். பல்கலைக்கழக மானியக் குழு 1957-இல் அமைத்த நூலகக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1956-இல் தம் சேமிப்பான ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பேராசிரியர் பதவிக்கென வழங்கினார். தென்னாட்டிலிருந்து வடக்கே சென்ற தமிழர் ஒருவர், தாம் சென்ற இடத்து மாணவர்களுக்கெல்லாம் ஆற்றிய தொண்டு இது. இன்றும் அயல் மாநிலப் பல்கலைக்கழக நூலகத்துள் நுழையும் தமிழ் மாணவன், தன் நாட்டவர் ஒருவர் வகுத்த நெறியைப் பல இடங்களில் காண்பான்.

நூலகத்தில் ஒரு பாடநூலுக்குப் பலர் காத்திருக்கும் நிலையை நீக்கப் பாடநூல் வங்கிகள் பிற்காலத்தில் தோன்றின. விலைமிக்க மருத்துவ, பொறியியல் நூல்களைத் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு வழங்கும் மத்தியத் திட்டம் 1978-79-இல் தொடங்கியது.

நான்காவது தேவை பலரும் எளிதில் உணராதது: நேரம். பகலில் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கும் இளைஞனுக்கு உபகாரச் சம்பளம் இருந்தும் பயனில்லை. வகுப்பு நடக்கும் வேளையில் அவன் அலுவலகத்தில் இருக்கிறான். 1946-இல் பம்பாயில் அம்பேத்கர் நிறுவிய சித்தார்த்தா கல்லூரி, வேலை பார்ப்போருக்கு ஏற்பக் காலை நேர வகுப்புகளை நடத்தியது. நாள்தோறும் கல்லூரிக்குச் செல்ல இயலாத பெண்களுக்காக 1944-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் மகளிர்க்கெனத் தனிக் கல்வி வாரியம் அமைந்தது. தில்லியில் வசிக்கும் பெண்கள் வார இறுதி வகுப்புகளுக்கு மட்டும் சென்று பட்டம் பெற அது வழி செய்கிறது.

1962-ஆம் ஆண்டில் அதே பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியபோது இந்திய உயர்கல்வியில் ஒரு புதிய கதவு திறந்தது. பாடங்கள் அச்சிட்டு அனுப்பப்பட்டன; மாணவர் எழுதி அனுப்பிய விடைகள் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தன; ஆண்டில் சில நாள் ஆசிரியரை நேரில் சந்திக்கவும் ஏற்பாடு இருந்தது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும் இவ்வழியை மேற்கொண்டன. 1982-இல் ஆந்திரத்தில் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 1985-இல் நாடு முழுவதற்கும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நிறுவப்பெற்றன. இரண்டுக்கும் முதல் துணைவேந்தராயிருந்தவர் ஜி. ராம் ரெட்டி. அஞ்சலில் வரும் பாடம் மட்டும் போதாது, மாணவன் சென்று ஐயம் கேட்க அருகில் ஓர் இடம் வேண்டும் என்பதை உணர்ந்து, ஊர்தோறும் கல்வி மையங்கள் அமைக்கப்பட்டன. இருக்கும் கல்லூரிகளிலேயே அவை பெரும்பாலும் விடுமுறை நாள்களில் இயங்கின. 1984 ஆகஸ்ட் 15 முதல் மானியக் குழுவின் பாட நிகழ்ச்சிகள் தொலைக்காட்சியில் வந்தன. 2001-இல் ஞானவாணி என்னும் கல்வி வானொலி ஒலிக்கத் தொடங்கியது. 2017-இல் தொடங்கிய ஸ்வயம் தளம், பேராசிரியர்களின் பாடங்களைக் கட்டணமின்றிக் கணினியிலும் கைப்பேசியிலும் பெற வழி செய்தது.

ஐந்தாவது, வழிகாட்டுதல். டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49-இல் பணியாற்றிய பல்கலைக்கழகக் கல்விக் குழு, பெருங்கூட்டத்துக்கு நிகழ்த்தும் விரிவுரையோடு நில்லாமல், சிறு குழுக்களாகப் பிரித்து மாணவரின் ஐயம் தீர்க்கும் முறை வளர வேண்டும் என்று கூறியது. 1964-66-இல் டி. எஸ். கோத்தாரி தலைமையில் அமைந்த கல்விக் குழு ஒரு படி மேலே சென்று, மாணவர் நல ஏற்பாடுகள் கல்வியோடு ஒட்டிய உபகாரம் அல்ல, கல்வியின் ஓர் உறுப்பே என்ற கருத்தை வலியுறுத்தியது. வீட்டில் தனி அறையும் விளக்கும் இல்லாத மாணவர் அமர்ந்து படிக்கப் பகல்நேரப் படிப்பு மையங்கள், நலப் பொறுப்புக்கென ஒரு தலைமை அலுவலர், ஆலோசனை கூறுவோர் ஆகியவை வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. இவற்றுள் சில நடைமுறைக்கு வந்தன. சில பல கல்லூரிகளில் இன்றும் பெயரளவிலேயே உள்ளன. இராமானுஜனுக்கு 1905-இல் கிடைக்காதது பணம் மட்டுமன்று. ‘இந்த ஒரு பாடத்தில் இவனுக்கு உதவி வேண்டும்’ என்று கண்டறிந்து சொல்ல ஓர் ஏற்பாடும் அப்போது இல்லை என்பதை இங்கே நினைவு கூரலாம்.

இனி, குடியேறி வாழும் நம்மவருக்கு நேரும் தனிச் சிக்கலைச் சொல்ல வேண்டும். மாநில அரசுகளின் உதவிகள் பெரும்பாலும் அம்மாநிலத்துக்கு உரியோருக்கே. எடுத்துக்காட்டாக, 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அம்மாநில அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் அளிப்பது. தில்லியிலோ மும்பையிலோ பள்ளிப்படிப்பை முடித்த தமிழ்ப் பெண்ணுக்கு அது கிடைக்காது. மறுபுறம், வாழும் மாநிலத்தில் சாதிச் சான்றிதழ் கேட்டால் ‘நீங்கள் வேறு மாநிலத்தவர்’ என்பர். ஒரு மாநிலத்தில் தாழ்த்தப்பட்டவராக அறிவிக்கப்பட்டவர், குடியேறிய மாநிலத்தில் அவ்வுரிமையைக் கோர இயலாது என்று 1990-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே பிள்ளை நின்றுவிடும் அபாயம் உண்மையானது.

ஆனால் வழி இல்லாமல் இல்லை. தாழ்த்தப்பட்ட மாணவருக்கான மத்திய உதவித்தொகை, மாணவன் எங்கே படித்தாலும், அவன் எந்த மாநிலத்துக்கு உரியவனோ அம்மாநில அரசின் மூலமே வழங்கப்படுவது. ஆகவே தமிழ்நாட்டுக்கு உரியவராகப் பதிவுபெற்ற குடும்பத்தார் விண்ணப்பிக்க வேண்டிய இடம் தமிழ்நாடே. தந்தை பெற்ற மூலச் சான்றிதழைக் காட்டினால், குடியேறிய மாநிலத்து அதிகாரியே மூல மாநிலத்தைக் குறித்துச் சான்றிதழ் அளிக்கவும் விதி உண்டு. ஆதலின் தந்தையின் சான்றிதழைப் பெட்டியடியில் பத்திரப்படுத்துவது பழம்பெருமைக்காக அன்று, பேரப்பிள்ளையின் படிப்புக்காக. கல்லூரி மாணவர்க்கென 2008-இல் தொடங்கிய மத்தியத் திட்டமோ, ஆண்டுக்கு 82,000 புதிய உதவித்தொகைகளை, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நடத்திய கல்வி வாரியங்களின் வழியே பங்கிடுவது. அங்கே மதிப்பெண்ணும் குடும்ப வருமானமுமே கேட்கப்படுகின்றன. திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ நாடெங்கும் மையங்களை உடையது. தந்தைக்கு மாற்றல் உத்தரவு வந்தாலும் மகளின் படிப்பு முறிய வேண்டியதில்லை.

நம் முன்னோர் சர்க்காரை மட்டும் எதிர்பார்த்து நிற்கவில்லை என்பதையும் மறத்தலாகாது. பம்பாய் மாதுங்காவில் குடியேறிய தென்னிந்தியர் 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவிப் பள்ளி தொடங்கினர். 1960-இல் சயான் பகுதியில் அச்சங்கத்தின் கல்லூரி எழுந்தது. தம் பிள்ளைகளுக்கென எழுப்பிய அக்கல்வி நிலையங்களில் இன்று எல்லா மொழியினரும் படிக்கின்றனர்.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். விடுதியாயினும், உதவித்தொகையாயினும், நூலகமாயினும், அஞ்சல்வழிப் பாடமாயினும், ஒவ்வொன்றும் யாரோ ஒருவர், ‘வகுப்பிலிருந்து காணாமற் போனவன் ஏன் போனான்?’ என்று கேட்டதன் பயனாகவே தோன்றியது. ஏற்பாடுகள் இன்று எண்ணிக்கையில் மிகுந்துவிட்டன. அவை இருப்பதை அறியாமையால் இழப்போரும் மிகுந்துவிட்டனர். விண்ணப்பத்தின் கடைசி நாள் கடந்த பின்னர் செய்தி அறியும் குடும்பங்கள் எத்தனை! நவராத்திரிக்கும் பொங்கலுக்கும் கூடும் நம் தமிழ்ச் சங்கங்கள், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மேசையையும் நான்கு நாற்காலிகளையும் போட்டு, விவரம் அறிந்த ஓய்வுபெற்ற பெரியவர்கள் இருவரை அங்கே அமர்த்தினால் போதும். சான்றிதழ் எது, படிவம் எது, கடைசி நாள் எது என்று சொல்லிக் கொடுக்க அதற்கு மேல் செலவில்லை. அந்த மேசையருகே வந்து நிற்கும் பிள்ளையின் படிப்பு நடுவழியில் நில்லாமல் காப்பது, நம்மால் எளிதில் இயலும் காரியமே.